அமிகா 500: அடிக்கடி அடிக்கும் கட்டளைகளை நினைவகத்தில் குடிவைப்பது எப்படி

பழைய அமிகா 500 கணினி ஒன்றை வாங்கி வந்து, அதைக் கிளப்பும் 1.3 வொர்க்பெஞ்ச் வட்டைப் போட்டு இயக்கி, கட்டளைகளை அடிக்கும் ஷெல் சாளரத்தையும் திறந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு ஃபிளாப்பியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வொர்க்பெஞ்ச் வட்டை வெளியே எடுத்துவிட்டு அந்த ஃபிளாப்பியைச் செருகி இப்படி அடிக்கிறீர்கள்:

டிர் டிஎஃப்0:

பட்டியல் வராது. வொர்க்பெஞ்ச் வட்டைச் செருகச் சொல்லி ஒரு சின்னப் பெட்டி வரும். சரி என்று அதைச் செருகினால் டிரைவ் கொஞ்ச நேரம் கரகரக்கும், பட்டியலும் வரும். ஆனால் வந்திருப்பது வொர்க்பெஞ்ச் வட்டின் பட்டியல்! நீங்கள் பார்க்க நினைத்த ஃபிளாப்பி மேசைமேல் கிடக்கும்.

புதிதாக வருபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஷெல்லை மூடிவிட்டு மவுஸோடு நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்க வேண்டியதில்லை. 1.3-இல் ரெசிடென்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைச் சரியாகப் பயன்படுத்தினால், இயந்திரத்தை இயக்கிய பிறகு வொர்க்பெஞ்ச் வட்டை உறைக்குள் போட்டுவிட்டு மணிக்கணக்கில் வேலை செய்யலாம். ஒற்றை டிரைவ் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. இரண்டாவது டிரைவ் இருந்தால் தொல்லை பாதியாகிவிடும். ஹார்ட் டிஸ்க் இருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை. டிரைவுக்குப் பதிலாக கோடெக் (Gotek) என்ற போலி ஃபிளாப்பி டிரைவைப் பொருத்தியிருப்பவர்கள், இன்றைய கணினியில் அமிகாவைப் போல ஓடும் எமுலேட்டர் நிரலில் ஃபிளாப்பி வேகத்தை அசல் வேகத்திலேயே வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே தமிழில் ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். டிர் என்பது டி, ஐ, ஆர் என்ற மூன்றே எழுத்து. சிடி (அடைவை மாற்றும் கட்டளை) என்றால் சி, டி. டிஎஃப்0: என்பது முதல் ஃபிளாப்பி டிரைவின் பெயர்; அதில் கடைசியில் வருவது சுழியம், ஓ என்ற எழுத்து இல்லை. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று அமிகா பார்ப்பதில்லை.

வட்டைக் கேட்பது ஏன்?

எம்எஸ்-டாஸ் பழகியவர்களுக்கு இது புதிராக இருக்கும். அங்கே டிர், காப்பி, சிடி போன்றவை கமாண்ட்.காம் நிரலுக்குள்ளேயே அடக்கம். இயந்திரம் கிளம்பும்போதே அவையும் நினைவகத்துக்கு வந்துவிடும். அமிகாவின் வட்டு இயங்குதளமான அமிகாடாஸ் வேறு வழியில் வந்தது. அதன் மூலம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான ட்ரைபோஸ் என்ற இயங்குதளம். அந்த மரபில் கட்டளை ஒவ்வொன்றும் ஒரு தனி நிரல், தனிக் கோப்பு. வொர்க்பெஞ்ச் வட்டில் சி என்ற அடைவுக்குள் அவை வரிசையாக இருக்கும். 1.3-இல் சிடிகூட அங்கேதான் இருக்கிறது. எக்கோவும் அப்படித்தான். ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) எழுதும்போது போடுகிற இஃப், எண்ட்இஃப் ஆகியவைகூடத் தனித்தனிக் கோப்புகள்.

நீங்கள் டிர் என்று அடித்ததும் ஷெல் முதலில் நினைவகத்தில் குடியிருக்கும் கட்டளைகளின் பட்டியலைப் பார்க்கும். அங்கே இல்லையென்றால் நீங்கள் இப்போது நிற்கும் அடைவில் தேடும், அப்புறம் பாத் என்ற, தேட வேண்டிய இடங்களின் பட்டியலில் உள்ள அடைவுகளில், கடைசியாக சி: அடைவில். கோப்பு கிடைத்ததும் நினைவகத்துக்கு ஏற்றி ஓட்டும். வேலை முடிந்ததும் அந்த இடத்தைக் காலி செய்துவிடும். அடுத்த டிர் மறுபடியும் வட்டிலிருந்துதான் வர வேண்டும்.

ஃபிளாப்பியின் வேகம் நமக்குத் தெரிந்ததுதான். அமிகா வட்டில் 80 சிலிண்டர்கள், இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு தடம், தடத்துக்கு 11 செக்டர், செக்டருக்கு 512 பைட். மொத்தம் 880 கேபி. வட்டு நிமிடத்துக்கு 300 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 0.2 நொடி. மோட்டார் நின்றிருந்தால் முதலில் அது வேகம் பிடிக்க வேண்டும். அப்புறம் தலை நடுவிலுள்ள மூல அடைவுக்குப் போய், அங்கிருந்து சி அடைவுக்குப் போய், அங்கிருந்து கோப்பின் தலைப்புக்குப் போய், கடைசியில்தான் கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடும். சில கேபி அளவுள்ள ஒரு கட்டளைக்கு இத்தனை நடை.

நேரத்தைவிட வட்டு மாற்றம்தான் பெரிய தொல்லை. ஆகவே எந்தக் கட்டளையைக் குடிவைப்பது என்று முடிவெடுக்கும்போது, 'எது மெதுவாக இருக்கிறது' என்று பார்க்காதீர்கள். 'வொர்க்பெஞ்ச் வட்டு வெளியே இருக்கும்போது எதை அடிக்கிறேன்' என்று பாருங்கள். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ரெசிடென்ட் வருவதற்கு முன்னால் ஒரு பழைய உத்தி

இது எந்த அமிகாவிலும் பலிக்கும்; அவசரத்துக்கு இன்றும் கைகொடுக்கும். வொர்க்பெஞ்ச் வட்டு உள்ளே இருக்கும்போதே இப்படி அடியுங்கள்:

டிர் ?

கேள்விக்குறிக்கு முன்னால் ஒரு இடைவெளி விடுங்கள். டிர் ஏறும், தனக்கு என்னென்ன விவரம் தரலாம் என்பதை ஒரு வரியில் காட்டிவிட்டு அப்படியே காத்திருக்கும். இப்போது வட்டை மாற்றுங்கள். டிரைவ் விளக்கு அணைந்ததும் டிஎஃப்0: என்று மட்டும் அடித்து என்டர் தட்டுங்கள். நீங்கள் கேட்ட வட்டின் பட்டியலே வரும். இன்ஸ்டால் போல மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படுகிற கட்டளைகளுக்கு இந்த உத்தியே போதும். அவற்றை நினைவகத்தில் வைத்து இடத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொரு பழக்கத்தையும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். வட்டுகளுக்கு நல்ல பெயர் வையுங்கள். டிஎஃப்0: என்று சொல்வதைவிட அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கடிதங்கள் இருக்கும் வட்டுக்கு லெட்டர்ஸ் என்று பெயர் வைத்திருந்தால், டிர் லெட்டர்ஸ்: என்று அடியுங்கள். எந்த வட்டு வேண்டும் என்பது அமிகாவுக்குத் தெரியும். தவறான வட்டின் பட்டியலைக் காட்டாது. வட்டு உள்ளே இல்லையென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

முதலில் ஒரு நகல்

அசல் வொர்க்பெஞ்ச் வட்டில் கை வைக்காதீர்கள். முப்பது வருடத்துக்கு மேலான வட்டு அது. எழுதுதடைத் துளை திறந்திருக்கும்படி தாழ்ப்பாளைத் தள்ளுங்கள். துளை வழியாக வெளிச்சம் தெரிந்தால் வட்டு பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருள். வொர்க்பெஞ்ச் திரையில் அதன் சின்னத்தை ஒருமுறை சொடுக்கிவிட்டு, மெனுவில் டூப்ளிகேட் கொடுங்கள். ஒற்றை டிரைவில் சில முறை மாற்றி மாற்றிச் செருக வேண்டியிருக்கும். எது மூலம், எது நகல் என்று ஒவ்வொரு முறையும் படித்துப் பார்த்துச் செருகுங்கள். நகல் முடிந்ததும் அந்த வட்டின் மேல் பேனாவால் 'வேலை' என்று எழுதுங்கள். இனி எல்லாம் அந்த நகலில்தான்.

நகலை வைத்து மறுபடி இயக்குங்கள். ஷெல் சின்னத்தைத் திறங்கள். அதே வட்டில் இருக்கும் சிஎல்ஐ (பழைய கட்டளைச் சாளரம்) சின்னம் வேண்டாம்; வரியை மேலம்பு விசையால் திரும்ப அழைக்கிற வசதி ஷெல்லில்தான் இருக்கிறது, இந்த வேலைக்கு அது மிகவும் உதவும்.

கையால் ஒருமுறை செய்து பார்ப்போம்

அவைல் என்று அடியுங்கள். ஏ, வி, ஏ, ஐ, எல். எவ்வளவு நினைவகம் காலியாக இருக்கிறது என்று சிப், ஃபாஸ்ட் (அமிகா நினைவகத்தின் இரண்டு வகைகள்), மொத்தம் என்ற வரிசைகளில் வரும். மொத்தக் காலி இடத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து:

ரெசிடென்ட் சி:டிர்

முழுப் பாதையும் வேண்டும். வெறும் டிர் என்று கொடுத்தால் போதாது. டிரைவ் ஓடி நிற்கும். மறுபடி அவைல் அடித்துப் பாருங்கள். காலி இடம் கொஞ்சம் குறைந்திருக்கும். அந்த வித்தியாசம்தான் டிர் கொடுக்கும் வாடகை.

இப்போது வொர்க்பெஞ்ச் வட்டை வெளியே எடுங்கள். வேறொரு வட்டைச் செருகி, விளக்கு அணையும்வரை பொறுத்து, டிர் டிஎஃப்0: என்று அடியுங்கள். எந்தப் பெட்டியும் வராமல் பட்டியல் நேராக ஓடும். முதல்முறை இதைப் பார்த்தபோது நான் நான்கைந்து வட்டுகளை வரிசையாகச் செருகி எல்லாவற்றின் பட்டியலையும் பார்த்தேன். ஒற்றை டிரைவ் இயந்திரத்தில் அந்தச் சுதந்திரம் சின்ன விஷயம் இல்லை.

வெறுமனே ரெசிடென்ட் என்று மட்டும் அடித்தால் குடியிருக்கும் கட்டளைகளின் பட்டியல் வரும். பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அந்தக் கட்டளையை இந்த நொடியில் எத்தனை பேர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பது அது. வேண்டாம் என்று தோன்றினால்:

ரெசிடென்ட் டிர் ரிமூவ்

எண் சுழியமாக இருந்தால்தான் போகும். இன்னொரு சாளரத்தில் அந்தக் கட்டளை ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருந்து மறுபடி அடியுங்கள்.

பி என்ற எழுத்து: இதைத் தெரியாமல் தொடராதீர்கள்

லிஸ்ட் சி: என்று அடியுங்கள். ஒவ்வொரு கோப்பின் பெயர், பைட் அளவு, அப்புறம் ஒரு சின்ன எழுத்து வரிசை, தேதி. அந்த எழுத்து வரிசையில் ஆர், டபிள்யூ, இ, டி என்ற நான்கும் பெரும்பாலும் இருக்கும்: படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம், அழிக்கலாம். சிலவற்றில் அவற்றுக்கு முன்னால் பி என்றும் ஓர் எழுத்து தெரியும். ப்யூர் என்பதன் அடையாளம் அது.

அமிகாவில் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கும். இரண்டு ஷெல் சாளரங்களில் ஒரே நேரத்தில் டிர் ஓடலாம். குடிவைத்த கட்டளைக்கு நினைவகத்தில் ஒரே பிரதிதான். இரண்டு சாளரமும் அதே பிரதியைத்தான் ஓட்டும். கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் சுவரில் ஒட்டிய அளவுக் குறிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து சமையல்காரர்கள் அதைப் பார்த்துச் சமைக்கலாம், ஒவ்வொருவரும் தம் கணக்கைத் தம் கையிலுள்ள சீட்டில் போட்டுக்கொள்ளும்வரை. ஒருவர் அந்தச் சுவர்க் குறிப்பிலேயே அடித்துத் திருத்தினால் அடுத்தவர் சாம்பார் கெட்டுப்போகும். தன் கணக்கைத் தன் தனி நினைவகத்தில் வைத்துக்கொண்டு, தன் நிரல் பிரதியைத் தொடாமல் ஓடுகிற கட்டளைதான் ப்யூர். ஒருமுறை ஓடிய பிறகு மறுபடி ஏற்றாமலேயே இரண்டாம் முறை ஓடவும் அதனால் முடியும்.

பி இல்லாத ஒன்றை ரெசிடென்ட் செய்யச் சொன்னால் அமிகா மறுத்துவிடும். வரியின் கடைசியில் ப்யூர் என்ற சொல்லைச் சேர்த்தால் பி இருக்கிறதா என்று பார்க்காமல் குடிவைத்துவிடும். இந்தச் சொல் ஒரு கட்டாயம் மட்டுமே. அதைச் சேர்ப்பதால் ப்யூர் இல்லாத நிரல் ப்யூராக மாறிவிடாது. பழைய வழிகாட்டிகளில் எல்லா வரியிலும் ப்யூர் என்று போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள்; பி இருக்கும் கட்டளைக்கு அது தேவையும் இல்லை, கெடுதலும் இல்லை.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு மாலை வேலையை இழந்து. இலவச நிரல்கள் அடங்கிய ஒரு வட்டிலிருந்து கோப்புகளைப் பக்கம் பக்கமாகக் காட்டும் ஒரு சின்ன நிரலை எடுத்து, ப்யூர் சொல்லைச் சேர்த்துக் குடிவைத்தேன். முதல் முறை அழகாக ஓடியது. இரண்டாவது கோப்பைத் திறந்ததும் திரையின் மேல்பக்கத்தில் சிவப்புப் பெட்டி மின்னியது. இயந்திரம் முடங்கிவிட்டது என்று சொல்லும், அமிகாக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த குரு மெடிடேஷன். அன்று தட்டச்சு செய்த கடிதம், நினைவகத்திலேயே இருக்கும் ராம்: வட்டில்தான் இருந்தது, எந்த ஃபிளாப்பியிலும் சேமித்திருக்கவில்லை. மறுபடி இயக்கியதும் அது இல்லை. அந்த நிரல் நல்ல நிரல்தான். அதைக் குடிவைத்தது என் தவறு. வொர்க்பெஞ்ச் வட்டோடு வந்த, பி எழுத்து உள்ள கட்டளைகளை மட்டும் குடிவையுங்கள். வெளியிலிருந்து வந்த நிரலின் குறிப்பேட்டில் 'ரெசிடென்ட் செய்யலாம்' என்று எழுதியவரே சொல்லியிருந்தால் மட்டும் அதைச் சேருங்கள்.

கோப்பை ஒரு வட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும்போது சில நிரல்கள் இந்த பி எழுத்தைத் தொலைத்துவிடும். ப்யூர் என்று உறுதியாகத் தெரிந்த கட்டளைக்கு மட்டும் அதைத் திருப்பி வைக்கலாம்:

ப்ரொடெக்ட் சி:டிர் +பி

எவற்றைக் குடிவைப்பது

லிஸ்ட் காட்டிய பைட் அளவுகளை இப்போது பயன்படுத்துங்கள். அமிகா 500-இல் பிறவியிலேயே இருப்பது 512 கேபி. அடியில் ஏ501 அட்டை செருகியிருந்தால் இன்னொரு 512. வொர்க்பெஞ்ச் திரை மட்டுமே, நான்கு நிறத்தில், 640க்கு 256 புள்ளி, 40 கேபி எடுத்துக்கொள்கிறது. இதிலிருந்துதான் நீங்கள் ஓட்டப்போகும் எழுத்துச் செயலியும் ஓவிய நிரலும் இடம் கேட்கும்.

வெறும் 512 கேபி என்றால் நான் நான்கை மட்டும்தான் சொல்வேன்: சிடி, டிர், காப்பி, டெலீட். வட்டுகளுக்கு நடுவே கோப்புகளை ஒழுங்குபடுத்த இந்த நான்கும் போதும்.

1 எம்பி இருந்தால் லிஸ்ட், மேக்டிர், ரீநேம், டைப், இன்ஃபோ, அசைன், எக்ஸிக்யூட், ரன் ஆகியவற்றையும் சேர்க்கலாம். இதற்குமேல் போவதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள். சி அடைவில் இருப்பதையெல்லாம் குடிவைத்துவிட்டு, அப்புறம் ஓவிய நிரல் இடம் போதாது என்று மறுக்கும் நிலையில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபார்மட், டிஸ்க்காப்பி, டிஸ்க்டாக்டர் போன்றவை என்றாவது ஒருநாள் தேவைப்படுபவை. வட்டிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு முறையும் தானாக நடக்கும்படி செய்வது

குடிவைத்தது நினைவகத்தில் இருப்பதால், மின்சாரத்தை அணைத்தாலோ கன்ட்ரோலையும் இரண்டு அமிகா விசைகளையும் சேர்த்து அழுத்தினாலோ போய்விடும். ஆகவே தொடக்க ஸ்கிரிப்டில் எழுத வேண்டும். 1.3-இல் எஸ்:ஸ்டார்ட்அப்-சீக்வன்ஸ் என்ற கோப்பு முதலில் ஓடும். அதைத் திறந்து பாருங்கள்:

டைப் எஸ்:ஸ்டார்ட்அப்-சீக்வன்ஸ்

அதில் எல்:ஷெல்-செக் என்ற ஷெல் நிரலை ரெசிடென்ட் செய்யும் ஒரு வரி இருக்கும். அதை அழித்துவிடாதீர்கள், நகர்த்தவும் வேண்டாம். குடியிருக்கும் கட்டளைகளைத் தேடத் தெரிந்தது ஷெல் மட்டும்தான். கிக்ஸ்டார்ட் சிப்பில் (இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும் அடிப்படை இயங்குதளம்) பிறவியாக உள்ள பழைய சிஎல்ஐக்கு அப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது. இதே காரணத்தால்தான் தொடக்க ஸ்கிரிப்ட் பாதியில் இன்னொரு ஸ்கிரிப்டைக் கூப்பிடுகிறது: ஸ்டார்ட்அப் என்ற சொல்லோடு ஐ எழுத்து இரண்டைச் சேர்த்த பெயர் அதற்கு. முதல் ஸ்கிரிப்டைப் பழைய சிஎல்ஐ ஓட்டுகிறது. இரண்டாவதை ஷெல் ஓட்டுகிறது. உங்கள் வரிகளை இரண்டாவதில் எழுதுங்கள்.

திருத்துவதற்கு எட் இருக்கிறது; இ, டி என்ற இரண்டெழுத்து. எட் என்று அடித்து, இடைவெளி விட்டு, எஸ்: என்பதோடு கோப்பின் பெயரைக் கொடுங்கள். அம்பு விசையால் நகர்ந்து, இடையில் என்டர் தட்டி வரி சேர்க்கலாம். முடிந்ததும் எஸ்கேப் விசையை அழுத்தி, எக்ஸ் அடித்து, என்டர் தட்டினால் சேமித்து வெளியேறும். தவறு செய்துவிட்டதாகத் தோன்றினால் எக்ஸுக்குப் பதிலாக க்யூ. மாற்றங்களைச் சேமிக்காமல் வந்துவிடும்.

வரிகளின் வரிசை முக்கியம். ரெசிடென்ட் என்பதும் வட்டிலுள்ள ஒரு கட்டளைதானே? பத்து வரி எழுதினால் பத்து முறை அதையும் வட்டிலிருந்து ஏற்ற வேண்டும். ஆகவே முதல் வரியில் அதையே குடிவையுங்கள், மற்றதெல்லாம் அதன் பின்னால்:

ரெசிடென்ட் சி:ரெசிடென்ட் ப்யூர்
ரெசிடென்ட் சி:சிடி ப்யூர்
ரெசிடென்ட் சி:டிர் ப்யூர்
ரெசிடென்ட் சி:காப்பி ப்யூர்
ரெசிடென்ட் சி:டெலீட் ப்யூர்

கோப்பில் ஏற்கெனவே இப்படிச் சில வரிகள் இருந்தால் உங்களுடையதை அவற்றுக்குக் கீழே சேருங்கள். இரட்டிப்பாக எழுத வேண்டாம். வேண்டாதவற்றை அழிப்பதற்குப் பதிலாக வரியின் தொடக்கத்தில் ஓர் அரைப்புள்ளி போடுங்கள். அமிகா அதைத் தாண்டிப் போய்விடும். நாளை தேவைப்பட்டால் அரைப்புள்ளியை எடுத்தால் போதும்.

இயந்திரம் கிளம்பும் நேரம் சில நொடி கூடும். அது ஒருமுறை கொடுக்கிற விலைதான். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்ததும் வேலை வட்டின் எழுதுதடைத் தாழ்ப்பாளையும் தள்ளிவிடுங்கள். வட்டின் முதல் செக்டர்களில் ஒட்டிக்கொண்டு பரவும் வைரஸ்கள் அமிகாவில் 1987-இலேயே வந்துவிட்டன. எஸ்சிஏ என்பது அவற்றில் பெயர்பெற்றது. ஊரெல்லாம் சுற்றிவந்த பழைய வட்டுகளைச் செருகும்போது தொடக்க வட்டு பூட்டியே இருக்கட்டும்.

ராம்: வட்டில் நகலெடுத்து வைத்தால் ஆகாதா?

ஆகும். 1.3 வருவதற்கு முன்னால் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ராம்: என்பது நினைவகத்திலேயே இருக்கும் ஒரு போலி வட்டு; நீங்கள் போடுகிற அளவுக்கு வளரும், எடுத்தால் சுருங்கும். ஆனால் ராம்: வட்டில் இருப்பது கோப்பு. அதை ஓட்டும்போது அமிகா இன்னொரு பிரதியை நினைவகத்தில் ஏற்றித்தான் ஓட்டும். ஆக, ஓடுகிற நேரத்தில் ஒரே கட்டளைக்கு இரண்டு இடம். குடிவைத்த கட்டளை இருந்த இடத்திலேயே ஓடும். இரண்டு சாளரத்தில் ஓடினாலும் நிரலுக்கு ஒரே பிரதி. 512 கேபி இயந்திரத்தில் இது பெரிய வித்தியாசம்.

பி இல்லாத, ஆனால் அடிக்கடி தேவைப்படுகிற கட்டளைகளுக்கு மட்டும் ராம்: வழியை வைத்துக்கொள்ளுங்கள். மேக்டிர் ராம்:சி என்று ஓர் அடைவு உண்டாக்கி, அதற்குள் கோப்பை நகலெடுத்து, பாத் ராம்:சி ஆட் என்று சொன்னால் ஷெல் அங்கேயும் தேடும். அசைன் கட்டளையால் சி: என்பதையே ராம்:சிக்குத் திருப்பிவிடும் யோசனை சில இடங்களில் கிடைக்கும். அப்படிச் செய்தால் அங்கே இல்லாத கட்டளை எதுவும் அகப்படாது. புதியவர்களுக்கு அது வேண்டாம்.

1.3-இல் ராம்: வட்டை இயக்கும் ராம்-ஹேண்ட்லர் நிரலும் வட்டில் எல்: அடைவுக்குள்தான் இருக்கிறது. ராம்: என்பதை முதன்முறை தொடும்போது வொர்க்பெஞ்ச் வட்டு உள்ளே இருக்க வேண்டும். தொடக்க ஸ்கிரிப்டிலேயே ராம்:டி என்று ஓர் அடைவு உண்டாக்கும் வரி இருந்தால் அந்தக் கவலை தீர்ந்தது.

குடிவைத்த பிறகு குழப்பும் இரண்டு விஷயங்கள்

ஒரு கட்டளையின் புதிய பதிப்பைக் கண்டெடுத்து சி: அடைவில் மாற்றி வைக்கிறீர்கள். அடித்தால் பழையதே ஓடுகிறது. ஷெல் முதலில் பார்ப்பது குடியிருப்பவர் பட்டியலைத்தான் என்பதை நினைவில் வையுங்கள். ரிமூவ் சொல்லி நீக்கிவிட்டு மறுபடி குடிவையுங்கள். ஒரே ஒருமுறை வட்டில் உள்ளதை ஓட்ட வேண்டுமென்றால் சி:டிர் என்று முழுப் பாதையோடு அடித்தால் போதும். பட்டியலைத் தாண்டி நேரே வட்டுக்குப் போகும்.

இன்னொன்று: கட்டளை நினைவகத்தில் இருந்தாலும் சில சமயம் வொர்க்பெஞ்ச் வட்டைக் கேட்கும். புதிய ஷெல் சாளரம் திறந்தால் எஸ்: அடைவிலுள்ள ஷெல்-ஸ்டார்ட்அப் கோப்பைப் படிக்கப் போகும். அச்சடித்தால் பிரிண்டர் தொடர்பான கோப்புகளைத் தேடும். இவை கட்டளைக் கோப்புகள் இல்லாததால் ரெசிடென்ட் உதவாது. தேவைப்படும் ஷெல் சாளரங்களை வட்டு உள்ளே இருக்கும்போதே திறந்துவைத்துக்கொள்வது நல்லது.

கிக்ஸ்டார்ட் 2.0 இருப்பவர்களுக்கு

1991-இல் வந்த அமிகா 500 பிளஸ், அதற்கடுத்த அமிகா 600 ஆகியவற்றில் வேலை பாதி குறைவு. சிடி, எக்கோ, இஃப், எண்ட்இஃப், ரன், ரெசிடென்ட் போன்றவை ஷெல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டன. வெறுமனே ரெசிடென்ட் அடித்தால் அவற்றுக்குப் பக்கத்தில் இன்டர்னல் என்று வரும். ஆனால் டிர், லிஸ்ட், காப்பி, டெலீட் இன்னும் சி: அடைவில்தான் இருக்கின்றன. அவற்றை நீங்கள்தான் குடிவைக்க வேண்டும். ஸ்டார்ட்அப்-சீக்வன்ஸ் கோப்பைத் தொடாமல், எஸ்:யூசர்-ஸ்டார்ட்அப் என்று ஒரு கோப்பு உண்டாக்கி அதில் எழுதுங்கள்.

உங்கள் பட்டியலை நீங்களே கண்டுபிடிக்க

நான் மேலே சொன்ன பட்டியல் என் பழக்கத்துக்கு ஏற்றது. உங்களுடையதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நான்கு கட்டளைகளோடு இயந்திரத்தை இயக்கி, வொர்க்பெஞ்ச் வட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வழக்கமான வேலையைச் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும். வட்டைக் கேட்கும் பெட்டி வரும் ஒவ்வொரு முறையும் அப்போது அடித்த கட்டளையை எழுதிவையுங்கள்.

என் தாளில் அந்த ஒரு மணி நேரத்தில் இன்ஃபோ ஏழு முறை வந்திருந்தது. நகலெடுப்பதற்கு முன்னால் வட்டில் இடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கிற ஆள் நான் என்பது அதுவரை எனக்கே தெரியாது. டைப் ஒருமுறைகூட வரவில்லை. அன்றிரவே ஸ்கிரிப்டைத் திறந்து டைப் வரிக்கு முன்னால் ஓர் அரைப்புள்ளி போட்டேன். அதற்குக் கீழே ரெசிடென்ட் சி:இன்ஃபோ ப்யூர் என்று ஒரு வரி சேர்த்தேன்.